கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தோள்

ஜனவரி 9

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே? போன் செய்யலாம் என்றுதான் பார்த்தேன். நாம் இருவரும் போனில் பேசினால் அக்கம்பக்கத்து அறைக்காரர்களுக்கெல்லாம் செய்தி போய்ச் சேருமே தவிர, நமக்குள் ஒன்றும் போய்ச் சேராது. செல்போனில் தட்டி அனுப்பலாம் என்றால் என்னுடையது ஸ்டியரிங் பிடித்துத் தடித்த விரல், ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழுகிறது. அதனால் பழையபடி காகிதமும் பேனாவும்தான்.

ஊசி போட்டாகிவிட்டது! செவிப்பறை வழியாக, நேரே உள்ளே. வலிக்குமா என்று கேட்காதே. வலித்தது. ஆனால் அந்த நேரத்தில் நான் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன் என்று நர்ஸ் சொன்னாள். எத்தனை வருஷமாகக் காத்திருந்த ஊசி!

பெரிய டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். உள்காதில் சத்தத்தைப் பிடிக்கிற மெல்லிய முடிகள் இருக்கின்றனவாம். நமக்கு அவை உதிர்ந்துகொண்டே வருகின்றன. அப்பா விட்டுப்போன ஒரே சொத்து அதுதான், அதையும் இரண்டு பிள்ளைக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். இந்த மருந்து அந்த முடிகளை மறுபடி முளைக்க வைக்கப் பார்க்கிறது. "தலையில முளைக்க வைக்க ஒண்ணும் இல்லையா டாக்டர்?" என்று என் வழுக்கையைத் தடவிக் காட்டினேன். "மொதல்ல காது, அப்புறம் தலை" என்றார். நல்ல மனுஷி.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இப்போது நாங்கள் பன்னிரண்டு பேர், முதல் அணி. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, சோதிப்பவர்களுக்கும் தெரியாது, எல்லாம் கம்ப்யூட்டருக்குள் பூட்டிக் கிடக்கிறது. முதல் அணி தேறினால்தான் இரண்டாம் அணி. தேறவில்லை என்றால் கடையைக் கட்டிவிடுவார்கள். இரண்டாம் அணியில் உனக்கு இடம் வைத்திருக்கிறார்கள், நான் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அதனால் உன் அண்ணன் இங்கே சும்மா வரவில்லை, உனக்குக் கதவு திறக்க வந்திருக்கிறேன்.

சோதனை என்பது இதுதான். ஒரு குட்டி அறை, சுவரெல்லாம் பஞ்சு, கதவு என் கை அகலத்துக்குத் தடிமன். உள்ளே ஒரு நாற்காலி, காதில் மாட்ட ஹெட்போன், கையில் ஒரு பட்டன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எப்போதும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்து சின்னச் சின்ன சத்தமாக அனுப்புவாள். கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். முதல் சோதனையில் பெரும்பாலும் மகாராஜா மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தேன்.

உன் அண்ணி டிரைவிங் ஸ்கூலைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள். உடனே பதில் போடு.

உன் அண்ணன்

ஜனவரி 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். உன் காது நலமா என்று கேட்பதா, உன் காதில் போட்ட ஊசி நலமா என்று கேட்பதா, தெரியவில்லை. உன் கடிதத்தை அவர் வாய்விட்டுப் படித்தார், நான் அவர் வாயைப் பார்த்துக்கொண்டே கேட்டேன், பிறகு நானே இரண்டு தடவை படித்தேன். மகாராஜா உட்கார்ந்திருந்த இடத்தில் மூச்சு முட்டச் சிரித்தேன்.

முளைக்கிறதா? ஏதாவது முளைக்கிற மாதிரி இருக்கிறதா? அரிக்கிறதா? எனக்கு இங்கே இருப்புக்கொள்ளவில்லை. கோர்ட்டில் ஒரு பாகப்பிரிவினை வழக்கு, இரண்டு அண்ணன் தம்பிகள் ஒரு கொட்டகைக்காகக் கட்டிப் புரள்கிறார்கள். நான் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டே ஓரத்தில் 'இரண்டாம் அணி' என்று கிறுக்கி வைத்திருக்கிறேன். நல்லவேளை, என் கிறுக்கலை என்னைத் தவிர யாராலும் படிக்க முடியாது.

என் காதைப் பற்றிக் கேட்டிருந்தாய். கேட்கவில்லையோ? சரி, கேட்டதாக வைத்துக்கொள்கிறேன். ஒன்றும் மோசமில்லை, போன வருஷம் போலத்தான். என் மேசையை மட்டும் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஸ்வெட்டர் பெண்ணிடம் நல்லபடியாக நடந்துகொள். உன்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்களை அதட்டுவது போல அவளை அதட்டாதே.

அன்புடன்,
வாயாடி

பிப்ரவரி 17

அன்புள்ள வாயாடிக்கு,

நலம், நலம், நலமோ நலம். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டே எழுதுகிறேன், உட்கார முடியவில்லை. ஏறிவிட்டது! இரண்டாவது சோதனையில் என் மார்க் எங்கேயோ போய்விட்டது. ஸ்வெட்டர் தன் காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி காகிதத்தைப் பார்த்தாள்.

உன்னிடம் மறைப்பானேன், இதில் அண்ணனின் சொந்தச் சரக்கும் கொஞ்சம் இருக்கிறது. இத்தனை வருஷமாக நான் எந்த இடத்தில் உட்கார்ந்து பிழைத்தேன்? ஓட்டுகிறவன் பக்கத்து இருக்கையில். காது மந்தமான பிறகும் ஏன் ஒரு விபத்துகூட நடக்கவில்லை? நான் ரோட்டைப் பார்ப்பதே இல்லை. பக்கத்தில் இருக்கிறவன் தோளைப் பார்ப்பேன். கியர் போடப் போகிறவனுக்கு முதலில் தோள் அசையும், பயந்து பிரேக்கை மிதிக்கப் போகிறவனுக்குத் தோள் ஏறும். அவனுக்கே தெரியாது, எனக்குத் தெரியும்.

இந்த ஸ்வெட்டர் பெண்ணுக்கும் அப்படித்தான். கண்ணாடியில் அவள் கை தெரியாது, மேசைக்குக் கீழே இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தடவை சத்தம் அனுப்பும்போதும் வலது தோள் ஒரு நூல் ஏறி இறங்குகிறது. பாவம், எங்களுக்குக் கேட்டுவிட வேண்டுமே என்று அவளுக்கு அத்தனை ஆசை. அந்தத் தோள் ஏறினால் நான் பட்டனை அழுத்துகிறேன். காது கொஞ்சம் கேட்கிறது, கண் கொஞ்சம் கைகொடுக்கிறது. கிடைத்தவரை லாபம்.

நான் மட்டும் தேறினால் போதுமா? அணி தேற வேண்டுமே! அதனால் காத்திருக்கும் கூடத்தில் மற்றவர்களுக்கும் பாடம் எடுத்தேன். ஒரு தபால்காரர், ஒரு தையல்காரி, பல் டாக்டர் ஒருவர், எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒரு நாற்காலியை முன்னால் போட்டு நானே ஸ்வெட்டர் மாதிரி நடித்துக் காட்டினேன். "காத மறந்துருங்க, தோளப் பாருங்க!" என்று சொல்லிக் கொடுத்தேன். தையல்காரி ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். பல் டாக்டருக்குத்தான் மூளை மந்தம், இன்னும் காதால் கேட்கவே பார்க்கிறார்.

பெட்டியை எடுத்துத் தூசி தட்டி வை. மே மாதம் நீ இங்கே இருப்பாய்.

உன் அண்ணன்

மார்ச் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோர்ட்டில் வேலை அதிகம். அவருக்கு ஜலதோஷம். என்னிடம் கத்திக் கத்திப் பேசித் தொண்டையும் கட்டிக்கொண்டது, இப்போது சைகைதான். வீட்டில் நிம்மதியாக இருக்கிறது.

மார்க் ஏறியதாக எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். மே மாதம் விடுப்பு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டேன். புதிதாக ஒரு பெட்டியே வாங்கிவிட்டேன், பழையதில் பூட்டு சரியில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன். வேண்டாம், நேரில் பார்க்கும்போது கேட்டுக்கொள்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

வாயாடி

மார்ச் 30

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நலம். மாப்பிள்ளைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்.

உனக்கு என்ன ஆயிற்று? இத்தனை நாள் கழித்து ஒரு கடிதம், அதிலும் பெட்டி, பூட்டு, ஜலதோஷம். வாயாடி எழுதிய கடிதமா, வக்கீல் எழுதிய கடிதமா? என் தோள் பாடத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் நடித்துக் காட்டியதைப் படித்து நீ வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய் என்று இங்கே நான் காத்துக்கொண்டிருக்கிறேன்.

செய்தி கேள். மூன்றாவது சோதனையும் முடிந்தது. எல்லாருக்கும் ஏறிவிட்டது! தபால்காரர் எனக்கே சவால் விடுகிறார். ஏப்ரல் கடைசியில் ஒரு குழு உட்கார்ந்து கம்ப்யூட்டருக்குள் இருப்பதைத் திறந்து பார்க்கப் போகிறதாம். அவர்கள் தலையாட்டினால் இரண்டாம் அணி. ஸ்வெட்டர் அன்று எங்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தாள், அவள் கண் பளபளவென்று இருந்தது.

பெரிய டாக்டரம்மா மட்டும் ஏனோ அவ்வளவு குஷியாக இல்லை. "எல்லாருக்குமா?" என்று இரண்டு தடவை கேட்டார். எல்லாருக்கும் ஏறியதற்குச் சந்தோஷப்பட வேண்டாமோ? படித்தவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் திருப்தி வராது போலிருக்கிறது.

நீ கேட்க நினைத்ததை இப்போதே கேள்.

உன் அண்ணன்

ஏப்ரல் 8

அண்ணா,

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

உன் தோள் பாடத்தை நான் படித்தேன். சிரிக்கவில்லை. உடனே எழுத உட்கார்ந்தேன், "அண்ணா, இது ஓட்டுநர் உரிமத் தேர்வு இல்லை" என்று ஒரு வரியும் எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டேன். ஏன் தெரியுமா? நீ என்னத்தைப் பார்த்து அழுத்தினால் எனக்கென்ன, எனக்குக் கதவு திறந்தால் போதும் என்று தோன்றியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படித்தான் தோன்றியது. அதனால்தான் ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் போலத்தான் இருக்கிறது என்று எழுதினேனே, அது பொய். என் வலது காது போயேபோய்விட்டது. இடது காதில் முக்கால் பங்கு போயாகிவிட்டது. கோர்ட்டில் நான் செய்துகொண்டிருந்ததும் உன் வேலைதான். சாட்சியின் வாயைப் பார்ப்பேன், வக்கீல் முகத்தைப் பார்ப்பேன், மீதியை நானே நிரப்பிக்கொள்வேன். சாட்சிகள் வழக்கமாகச் சொல்வது தெரியும்தானே, எத்தனை வருஷம் எழுதியிருக்கிறேன்!

போன வாரம் கொட்டகை வழக்கில் அண்ணன்காரர் சாட்சி சொன்னார், கிழவர், அந்தக் கொட்டகையில்தான் படுக்கிறார். பாதியில் தம்பிக்காரன் பக்கம் திரும்பி நின்றுகொண்டார், எனக்கு அவர் பின்னந்தலைதான் தெரிந்தது. வழக்கமாக எல்லாரும் சொல்வதை எழுதி வைத்தேன். நீதிபதி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கிழவர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு, "அம்மா, நான் அப்படி ஒரு வார்த்த சொல்லலயே" என்று அழுதார். அவர் அழுகிறார் என்பதும் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த வரியை நம்பித் தீர்ப்பு எழுதியிருந்தால் அவர் படுக்கிற இடம் போயிருக்கும். நீதிபதி திட்டவில்லை. "கேட்டத எழுதுங்கம்மா, தெரிஞ்சத எழுதாதீங்க" என்றார். அன்று மாலையே என்னை நகல் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

இப்போது கேட்க நினைத்ததைக் கேட்கிறேன். உன் அறைக் குழாய் சொட்டுவது உனக்குக் கேட்கிறதா? உன் செருப்புச் சத்தம் கேட்கிறதா? அண்ணி போனில் பேசினால் கேட்கிறதா? கேட்கிறது என்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. இல்லையென்றால் போய் அந்தப் பெண்ணிடம் சொல். எனக்குப் போடுகிற மருந்து யாரோ ஒருத்தியின் தோளைப் பார்த்துத் தேறிய மருந்தாக இருக்கக் கூடாது. கதவு மூடினாலும் பரவாயில்லை.

பரவாயில்லை என்பதும் பொய்தான். ஆனாலும் சொல்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை

ஏப்ரல் 19

அன்புள்ள தங்கைக்கு,

குழாய் சொட்டுவது கேட்கவில்லை. அது சொட்டுகிறதா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை, கையை நீட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

உன் கடிதம் வந்ததும் நேரே போனேன். ஸ்வெட்டர் ஹெட்போனைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "உன் தோள் ஆடுதும்மா" என்றேன். "என்ன சார்?" என்றாள். "சத்தம் அனுப்பும்போதெல்லாம் உன் வலது தோள் ஏறுது. நான் அதப் பாத்துதான் அமுக்கினேன். காது கேட்டு இல்ல." அவள் சிரித்தாள். நான் வழக்கம்போல விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். "சரி, வா" என்று சொல்லி நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். ஹெட்போனை எடுத்து என் காதில் மாட்டாமல் சுவரில் இருந்த கொக்கியில் மாட்டினேன். கதவைச் சாத்தச் சொன்னேன். "இப்ப அனுப்பு" என்று சைகை காட்டினேன்.

அனுப்பினாள். அழுத்தினேன். அனுப்பினாள். அழுத்தினேன். ஒன்றுகூடத் தவறவில்லை. கொக்கியில் தொங்குகிற ஹெட்போனில் நான் ஒரு கொசு பறக்கிற சத்தம் வரைக்கும் கேட்டுவிட்டேன்! அதற்குள் பெரிய டாக்டரம்மா வந்து அவள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நேரமாக நின்றாரோ தெரியாது. ஸ்வெட்டர் தன் தோளைத் தானே கையால் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

"இது வேற யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார் டாக்டர். "நான்தான் பாடம் எடுத்தேன்" என்றேன். அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். திட்டவில்லை. எழுந்து போய் எங்கிருந்தோ பெரிய பழுப்புக் காகிதம் ஒன்று கொண்டுவந்து, தன் கையாலேயே கண்ணாடி முழுக்க ஒட்டினார்.

பட்டன் மார்க்கெல்லாம் குப்பைக்குப் போயிற்று. ஊசிக்கு முன்னால் ஒரு தடவை செய்து, மறுபடி கடைசியில் செய்வதாக இருந்த சோதனையை இப்போதே எல்லாருக்கும் செய்கிறார்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, படுக்க வைத்துத் தூங்கச் சொல்கிறார்கள். சத்தம் போனால் நரம்பு பதில் சொல்கிறதா என்று மெஷினே பார்த்துக்கொள்கிறது. அங்கே என் ஜம்பம் சாயாது, தூங்குகிறவன் யார் தோளைப் பார்ப்பான்?

என் முடிவை நானே வாய்விட்டுக் கேட்டேன். "ஊசிக்கு முன்னாடி எப்படியோ, அப்படியேதான் இருக்கு மாஸ்டர்" என்றார். தங்கச்சி, சிரிக்காதே. கொஞ்சம் கேட்கிறது என்று நானே நம்பிவிட்டிருந்தேன். குழுவின் கூட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள். உனக்கு என்று பிடித்து வைத்த இடத்தை நானே உடைத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

கிழவருக்கு என்ன ஆயிற்று? அவர் இடம் தப்பியதா?

உன் அண்ணன்

மே 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். கிழவர் இடம் தப்பியது. கொட்டகை அவருக்கே.

கொக்கியில் தொங்கிய ஹெட்போன் கதையை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் நாற்காலியிலிருந்து விழுந்து சிரித்தார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன். நீ போய்ச் சொல்வாய் என்று எனக்குத் தெரியும், ஆனால் இத்தனை ஆர்ப்பாட்டமாகச் சொல்வாய் என்று தெரியாது. சாதாரணமாக ஒரு காரியம் செய்ய உனக்கு வரவே வராதா?

நகல் பிரிவு நன்றாகத்தான் இருக்கிறது. மெஷின் போடுகிற சத்தத்தில் மற்றவர்களுக்கும் ஒன்றும் கேட்பதில்லை, எல்லாரும் என்னைப் போலவே கத்துகிறார்கள். எனக்குக் காது கேட்காது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருக்கிறது.

புதுப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். நீ வருத்தப்படாதே. ஸ்வெட்டர் பெண்ணிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

வாயாடி

ஜூன் 14

வாயாடி! வாயாடி! வாயாடி!

எல்லாரும் நலம், ஊரே நலம். பெட்டியை வெளியே இழு!

குழு கூடிவிட்டது, கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டார்கள். பெரிய டாக்டரம்மா என்னை அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். உதட்டைப் படிக்க வசதியாக முகத்தை எனக்கு நேராக வைத்துக்கொண்டு, "மாஸ்டர், உங்களுக்குப் போட்டது உப்புத் தண்ணி" என்றார்.

நான் எழுந்து குதித்தேன். உப்புத் தண்ணீர் போட்டதற்காகக் குதித்தவன் உலகத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். எனக்குத் தண்ணீர் என்றால், என் காது ஏறாததற்கு மருந்து பொறுப்பில்லையே! "அப்ப மருந்து விழுந்தவங்க?" என்று கத்தினேன். அவர் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். மருந்து விழுந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தூக்கச் சோதனையில் நரம்பு பதில் சொல்கிறது, மெல்லிய சத்தத்துக்குக்கூட! என் பாடம் மண்டையில் ஏறாத அந்தப் பல் டாக்டர் இருக்கிறாரே, அவருக்கு மருந்துதான் விழுந்திருக்கிறது. மனுஷன் நிஜமாகவே காதால் கேட்டு அழுத்தியிருக்கிறார்.

இதற்கு மேல்தான் விஷயம், உட்கார்ந்து படி. தண்ணீர் விழுந்தவர்கள் அத்தனை பேரும் என் நல்ல மாணவர்கள். தபால்காரர் தண்ணீர், தையல்காரி தண்ணீர். பட்டன் மார்க்கை வைத்துப் பார்த்தால் தண்ணீர் ஆட்களுக்கும் மருந்து ஆட்களுக்கும் ஒரே மாதிரி ஏறியிருக்கிறது. அந்தக் கணக்கு குழுவுக்குப் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? "தண்ணிக்கும் மருந்துக்கும் வித்தியாசமே இல்லையே, நிறுத்திருங்க" என்று சொல்லியிருப்பார்களாம். எல்லாருக்கும் ஏறியது என்று நான் கொண்டாடினேனே, அதுதான் மருந்தின் கழுத்தில் விழவிருந்த கத்தி. உனக்குக் கதவு திறக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, உன் முகத்தில் அறைந்து சாத்தப் போனேன். நீ அந்தக் கடிதம் எழுதாமல் இருந்திருந்தால்? 

ஜூலையில் இரண்டாம் அணி. அதில் எல்லாருக்கும் மருந்துதான், தண்ணீர் கிடையாது. உனக்கு இடம் இருக்கிறது, கடிதம் தனியாக வரும்.

தண்ணீர் விழுந்தவர்களுக்குப் பிற்பாடு மருந்து கொடுப்பார்களாம். என் விஷயம் சந்தேகம்தான். மற்றவர்கள் வாத்தியார் சொன்னதைக் கேட்டவர்கள், நான்தானே வாத்தியார். கேட்க எனக்கு முகமில்லை, கேட்கவும் இல்லை. நாளைக்கு ஊர் திரும்புகிறேன். உன் அண்ணியிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களெல்லாம் முதல் தடவையிலேயே தேறிவிட்டார்களாம், அது வேறு ஒரு அவமானம்.

போய் வா. காகிதம் ஒட்டிய கண்ணாடிக்கு உள்ளே தைரியமாக உட்கார்.

உன் அண்ணன்

செப்டம்பர் 11

வாயாடி,

என்னடி ஆயிற்று? ஊசி போட்டாகிவிட்டது என்று மாப்பிள்ளை தகவல் சொன்னதோடு சரி. அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இரண்டு கடிதம் போட்டுவிட்டேன். நல்லதோ கெட்டதோ எழுதித் தொலை. வண்டியில் உட்கார்ந்தால் எனக்குப் பக்கத்தில் இருப்பவன் தோள்கூடத் தெரியவில்லை, நேற்று ஒருத்தன் நடைபாதையில் ஏற்றிவிட்டான்.

அண்ணன்

அக்டோபர் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீயும் அண்ணியும் நலமா? நடைபாதை நலமா?

எழுதாமல் இருந்ததற்குத் திட்டாதே. முதல் சோதனையில் எனக்கு ஒன்றும் இல்லை. இரண்டாவதில், இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. 'மாதிரி' என்று உனக்கு எழுத எனக்கு இஷ்டமில்லை. தெரிந்த பிறகுதான் எழுதுவது என்று பிடிவாதமாக இருந்தேன்.

நேற்று மூன்றாவது சோதனை. கண்ணாடியில் காகிதம் இப்போதும் இருக்கிறது, அது போதாதென்று ஸ்வெட்டர் அடுத்த அறைக்கே போய்விட்டாள். உள்ளே உட்கார்ந்தால் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை, பழுப்புக் காகிதமும் என் முழங்காலும்தான். அண்ணா, அங்கே உட்கார்ந்தபோதுதான் உன்னை முழுசாகப் புரிந்துகொண்டேன். ஒன்றும் கேட்காத நேரத்தில் விரல் தானாகவே அழுத்தத் துடிக்கிறது. இப்போது வந்திருக்கும், இப்போது வந்திருக்கும் என்று மனசு சொல்லிக்கொண்டே இருக்கிறது. கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கி வைத்துக்கொண்டேன். தெரிந்ததற்கு அழுத்த மாட்டேன், கேட்டால்தான் அழுத்துவேன் என்று உட்கார்ந்திருந்தேன்.

வந்தது. தூரத்தில் யாரோ ஒரு கரண்டியைக் கீழே வைத்த மாதிரி, அவ்வளவுதான். ஆனால் வந்தது என்பதில் சந்தேகமே இல்லை. அழுத்தினேன். பிறகு இன்னொன்று, அதைவிடச் சின்னது. அழுத்தினேன். அப்புறம் வந்துகொண்டே இருந்தன, அண்ணா! கதவைத் திறந்துகொண்டு ஸ்வெட்டர் ஓடி வந்தாள், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அழுதுவிடக் கூடாது என்று இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம். தூக்கச் சோதனையும் எடுத்தார்கள். மெஷினும் என் கட்சிதான். இடது காது பாதிக்கு மேல் திரும்பிவிட்டது. வலது இன்னும் தூங்குகிறது, தூங்கட்டும்.

இதெல்லாம் சொல்வதற்கு இந்தக் கடிதம் எழுதவில்லை. அதற்குப் பிறகு நடந்ததைக் கேள்.

எல்லாம் முடிந்து, வெளியே வராந்தாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்த்து நிற்கிறேன். பின்னால் டாக்டர் அறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. யார் முகமும் எனக்குத் தெரியவில்லை, யார் உதடும் தெரியவில்லை. பெரிய டாக்டரம்மாவின் குரல் வந்தது:

"அந்த டிரைவிங் மாஸ்டர என்ன பண்றது?"

நான் அசையவில்லை. ஸ்வெட்டர் சொன்னாள்:

"விதின்னு பாத்தா சேக்கக் கூடாது டாக்டர். ஆனா அவரா வந்து சொல்லலன்னா நமக்கு இந்த அணியே கெடையாது."

"குழுவுல கேட்டுட்டேன். சேத்துக்கோங்கன்னுட்டாங்க. ஜனவரியில போட்டுடலாம். ஆனா லெட்டர் போற வரைக்கும் யாரும் அவர்கிட்ட மூச்சு விடாதீங்க. நாளைக்கே பொட்டியோட வந்து நிப்பாரு."

டம்ளர் நிரம்பி என் கையெல்லாம் தண்ணீர் வழிந்தது. அதையும் நான் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை, தரையில் சொட்டுகிற சத்தத்தில்தான் தெரிந்தது. ஒரு வார்த்தைகூட நான் நிரப்பவில்லை, அண்ணா. எல்லாம் அவர்கள் சொன்னது.

கடிதம் வந்து சேரும்போது வாயைப் பிளந்து ஆச்சரியப்படு. உனக்கு நடிக்க வரும், நாற்காலி போட்டு நடித்துக் காட்டியவன்தானே நீ. நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே.

ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் கேட்டதே, அண்ணா!

அன்புடன்,
வாயாடி